ஒரே பெயர், இரண்டு வாசல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

பெயர்ப் பலகை ஒன்றாக இருந்தால் உள்ளே இருப்பதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு மதுரைப் பயணம்.

எங்கள் ஊர் ஒகேனக்கல். அப்பா பரிசல் ஓட்டுகிறார். அம்மா மீன் வறுத்து விற்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். நான் பன்னிரண்டாம் வகுப்பில் தேறினால் மதுரை மீனாட்சிக்குப் புடவை சாத்துவதாக ஆயா வேண்டிக்கொண்டிருந்தார். நான் தேறி ஓராண்டுக்கு மேலாகியும் அந்த வேண்டுதல் பாக்கியாகவே நின்றது.

2025 ஜூலையில் காவிரியில் வெள்ளம் வந்தது. பரிசல்கள் கரையேறின. வேலை இல்லாத அந்த நாட்களில்தான் அப்பாவுக்கு ஓய்வு. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயாக வந்ததில் நான் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தேன். "ஓர் இரவு நல்ல இடத்தில் தங்கலாம்" என்றேன். அப்பா யோசிக்காமல், "ஓட்டல் தமிழ்நாடுன்னா சரி கண்ணு" என்றார்.

அதற்குக் காரணம் உண்டு. 1971-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் கன்னியாகுமரி, இராமேசுவரம், உதகை, ஏற்காடு என்று பல ஊர்களில் அந்தப் பெயரில் விடுதிகளை நடத்துகிறது. எங்கள் ஒகேனக்கல்லிலும் ஒன்று உண்டு. அப்பா அதன் வாசலில் பரிசல் சவாரிக்காக ஆண்டுக்கணக்கில் காத்து நின்றவர். உள்ளே போனதில்லை.

மதுரையில் அந்தப் பெயரில் ஒன்றல்ல, இரண்டு விடுதிகள் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்று மேல வெளி வீதியில். மற்றொன்று வைகைக்கு வடக்கே அழகர்கோயில் சாலையில். "பேரு ஒண்ணுதானே, எதுவா இருந்தா என்ன?" என்றார் அப்பா. நான் விடவில்லை. அறிவியல் மாணவி அல்லவா! நோட்டில் கோடு போட்டு அமைதி, காற்றோட்டம், மரநிழல், அறை, வண்டி நிறுத்துமிடம் என்று தலைப்பிட்டு ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண் வைத்தேன். கூட்டிப் பார்த்தால் அழகர்கோயில் சாலைக்கே வெற்றி.

திண்ணையில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த ஆயா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அங்கிருந்து கோயிலுக்கு நான் நடந்து போயிடுவேனா?"

என் நோட்டில் அதற்குத் தலைப்பே இல்லை. ஆயாவின் வேண்டுதலில் கால்நடையும் ஒரு பகுதி. ஆட்டோவில் போய் இறங்க அவர் சம்மதிக்க மாட்டார். வண்டி நிறுத்துமிடத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டிருந்தேன். எங்கள் வீட்டில் சைக்கிள்கூடக் கிடையாது! எதற்கு எவ்வளவு கனம் என்று முதலில் தீர்மானிக்காமல் கூட்டினால், கூட்டல் சரியாக இருந்தாலும் விடை தவறு. ஆய்வுக்கூடத்தில் பலமுறை கேட்ட பாடத்தைத் திண்ணையில்தான் கற்றேன். மேல வெளி வீதியிலேயே அறை எடுத்தேன்.

விடுதியில் பெயர் எழுதியவர் ஊரைக் கேட்டார். "ஒகேனக்கல்" என்றேன். "அங்கேயும் நம்ம ஓட்டல் இருக்கே, தெரியுமா?" என்றார். அப்பா கைகட்டி நின்றபடி, "தெரியுங்க. வாசல் வரைக்கும் தெரியும்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்திட்டேன்.

மறுநாள் விடியுமுன் புறப்பட்டோம். வெளி வீதிகள் பழைய கோட்டையை ஒட்டியவை. 1840-களில் பிளாக்பர்ன் என்ற ஆட்சியர் காலத்தில் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு நகரம் விரிந்தது. உள்ளே மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று மாதப் பெயர்களோடு கோயிலைச் சுற்றித் தெருக்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. டவுன் ஹால் ரோடு வழியே நடந்தோம். ஆயா மூன்று இடத்தில் உட்கார்ந்தார். "இன்னும் எத்தனை மாசம் இருக்குது?" என்று சிரித்தார். மேலைக் கோபுரம் தெரிந்ததும் என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு தனியாக நடந்தார்.

திரும்பி வரும்போது நம் கல்லூரி நினைவுக்கு வந்தது. "அரசு கலைக் கல்லூரி" என்ற பெயரும் பல ஊர்களில் உண்டு. விண்ணப்பம் போட்டபோது உறவினர் பலர் சேலத்தைச் சொன்னார்கள். அது பழமையும் பெருமையும் உள்ளது. நான் தருமபுரியை எழுதியதற்கு ஒரே காரணம், மாலைப் பேருந்தில் வீடு திரும்பி அம்மாவுக்குக் கைகொடுக்கலாம் என்பதுதான். அதைச் சொல்ல அன்று கூச்சப்பட்டேன். இன்று கூச்சமில்லை. எது உயர்ந்தது என்பது ஒரு கேள்வி. எது நமக்குத் தேவை என்பது வேறு கேள்வி. இரண்டாவதை முதலில் கேட்பவர் ஏமாறுவதில்லை.

வெள்ளம் வடிந்ததும் அப்பா மீண்டும் அதே வாசலில் சவாரிக்கு நின்றார். கூட நிற்பவர்களிடம், "உள்ளே ரூம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டா" என்று சொல்கிறாராம்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஒன்றாக இராது என்று அவரிடம் மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை.