புல்லே இல்லாத கோல்ஃப் மைதானத்தில் மாமாவோடு ஒரு வெள்ளிக்கிழமை

மாமா கோல்ஃப் ஆடுவார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டே பத்தாவது முடித்தவர் அவர். ஐ.டி.ஐ-யில் எலெக்ட்ரீஷியன் படித்துவிட்டு 24 வயதில் பஹ்ரைனுக்கு விமானம் ஏறினார். 22 வருஷம் ஆகிவிட்டது. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை பால் பவுடர், கோடாலித் தைலம், எனக்கொரு வாட்ச் என்று வருவார். ஒரு மாதம் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். "அங்க லீவு நாள்ல என்ன மாமா பண்ணுவீங்க?" என்று கேட்டால் "தூங்குவேன் கண்ணு" என்பார். நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம்.

போன டிசம்பரில் அஞ்சு நாள் லீவு போட்டுவிட்டு நான் பஹ்ரைன் போனேன். ஊர் சுற்றிப் பார்க்க என்று சொல்லிக்கொண்டாலும் அம்மா ஒரு வேலை கொடுத்திருந்தாள். "அந்த ரெண்டரை ஏக்கரை என்ன பண்றதுன்னு தம்பிகிட்ட கேட்டுட்டு வா. போன்ல கேட்டா பேச்சை மாத்திடறான். நேர்ல கேளு. மெதுவா கேளு."

தாத்தா விட்டுப்போன நிலம் அது. அம்மாவுக்கும் மாமாவுக்கும் கூட்டுப் பட்டா. மானாவாரிதான். பாதி கரடு, மீதியில் மழை பெய்தால் ராகியோ சாமையோ வரும். மூன்று போர் போட்டாகிவிட்டது. கடைசிப் போர் 900 அடி போயும் புகைதான் வந்தது. அத்தனைக்கும் பணம் அனுப்பியவர் மாமா. இப்போது நல்ல விலைக்கு ஒருவர் கேட்டு வந்திருக்கிறார். என் தம்பி இன்ஜினீயரிங் ரெண்டாம் வருஷம். அம்மாவின் அவசரம் எனக்குப் புரிந்தது. என் ஜர்னலிசம் டிப்ளமோவுக்கு ஃபீஸ் கட்டியது யார் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு முதல் மூன்று நாளும் மனாமா கடைத்தெருவில் அவரோடு டீ குடித்தேனே தவிர, கேட்கவில்லை.

வியாழக்கிழமை ராத்திரி மாமாவே சொன்னார். "காலையில அஞ்சரைக்கு ரெடியா இரு. ஷூ போட்டுக்கோ."

நான் தங்கியிருந்தது மாமாவின் நண்பர் வீட்டில். மாமா இருப்பது நாலு பேர் அறை. அதிகாலையில் ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஒரு மலையாளி அதிகாரி, பின்சீட்டில் மாமா, டிக்கியில் கோல்ஃப் மட்டைகள். எனக்குத் தூக்கம் முழுதாகக் கலைந்துவிட்டது.

மனாமாவிலிருந்து தெற்கே அரை மணி நேரம் போனால் அவாலி. 1930-களில் எண்ணெய்க் கம்பெனி தன் ஊழியர்களுக்காகப் பாலைவனத்துக்கு நடுவில் கட்டிய ஊர். 1932-ல் வளைகுடாவின் அரபுக் கரையில் முதன்முதலாக எண்ணெய் பீறிட்டது இந்தப் பக்கத்தில், ஜபல் துகான் மலையடிவாரத்தில்தான். அந்தப் பெயருக்கு 'புகை மலை' என்று அர்த்தம். மலை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். உயரம் 130 மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும், ஆனாலும் இந்த நாட்டிலேயே உயரமான இடம் அதுதான். வத்தல்மலையைப் பார்த்து வளர்ந்த எனக்குச் சிரிப்பு வந்தது.

கோல்ஃப் என்றதும் எனக்கு ஊட்டியும் கொடைக்கானலும்தான் ஞாபகம் வரும், சினிமா பாட்டில் வருவது போல பச்சைப் பசேலென்று. இங்கே இறங்கிப் பார்த்தால் ஒரு புல் கூட இல்லை. வெளுத்த மணல், சுண்ணாம்புக் கல், அங்கங்கே முள்செடி, தூரத்தில் தலையை ஆட்டி ஆட்டி எண்ணெய் இறைக்கும் பம்புகள், தரையோடு ஓடும் பைப்புகள். சூரியன் அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. மேடும் பள்ளமுமான மணல் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். எங்கள் ஊர்க் கரட்டில் ஆடு ஓட்டிப்போகும் நேரத்து வெளிச்சம் மாதிரியே இருந்தது. அழகு என்று சொல்ல நாக்கு வரவில்லை. ஆனால் போனை எடுத்து இருபது படம் எடுத்துவிட்டேன்.

"இதுல எங்க மாமா விளையாடறது?"

"இதுலதான்."

வளைகுடாவில் ஒரு காலத்தில் கோல்ஃப் என்றாலே இப்படித்தானாம். முழுக்கப் புல் போட்ட மைதானம் முதன்முதலில் வந்தது 1988-ல், துபாயின் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்பில். பஹ்ரைனிலும் ரிஃபாவில் பச்சை மைதானம் இருக்கிறது. 2011-ல் பெரிய சர்வதேசப் போட்டியே அங்கே நடந்தது. அங்கெல்லாம் பெரும்பாலும் பெர்முடா புல்தான் வளர்க்கிறார்கள். அது வேறொன்றும் இல்லை, நம் அருகம்புல் ஜாதி. சாமைக் காட்டில் நாங்கள் முதுகு ஒடியப் பிடுங்கிப் போடும் களைக்கு அங்கே தினமும் ராத்திரி தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்!

மணல் மைதானத்தில் ஆட்டமே வேறு. பந்து போக வேண்டிய பாதையின் ரெண்டு பக்கமும் அடையாளம் நட்டிருப்பார்கள். அதற்குள் பந்து விழுந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. கையோடு கொண்டுபோகும் சின்ன செயற்கைப் புல் விரிப்பைக் கீழே போட்டு, அதன்மேல் பந்தை வைத்து அடிக்கலாம். அடையாளத்துக்கு வெளியே போய்விட்டால் கல்லோ முள்ளோ கிடந்த இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். மட்டை கல்லில் பட்டால் 'ணங்' என்று தோள்பட்டை வரைக்கும் ஏறுகிறது. அதனாலேயே மாமா பழைய மட்டைகளைத்தான் வைத்திருக்கிறார், ஊருக்குத் திரும்பிய யாரோ விட்டுப்போனவை.

குழி இருக்கும் இடத்தை மற்ற மைதானங்களில் 'கிரீன்' என்பார்கள். இங்கே அது 'பிரவுன்'. மணலில் எண்ணெய் கலந்து இறுக்கி, வட்டமாகச் சமப்படுத்தி வைத்திருக்கிறார்கள். காற்றுக்குப் பறக்காது. சாணி மெழுகிய களம் போல இருக்கிறது. நடந்தால் கால் தடம் விழும், பந்து உருண்டால் கோடு விழும். அதனால் ஆடி முடித்ததும் அடுத்து வருபவர்களுக்காக இழுவைக் கட்டையால் இழுத்துச் சமன்செய்துவிட்டுத்தான் நகர வேண்டும். மாமா அதை ஒவ்வொரு குழியிலும் செய்தார். அதிகாரி செய்யப்போனாலும் விடவில்லை.

மாமா இங்கே முதலில் வந்தது பை தூக்க. 12 வருஷத்துக்கு முன்னால் அந்த அதிகாரி ஒருநாள், "நீயும் ஒண்ணு அடிச்சுப் பாரு" என்றிருக்கிறார். முதல் அடியிலேயே பந்து நேராகப் போனதாம். அதன்பிறகு முடிகிற வெள்ளிக்கிழமையெல்லாம் அவருடைய விருந்தாளியாக மாமாவும் ஆடுகிறார்.

எனக்கு ஒரு மட்டையைக் கொடுத்தார்கள். நான் முதல் மூன்று தடவையும் அடித்தது காற்றைத்தான். நாலாவது தடவை மணல் பறந்தது, பந்து அங்கேயே இருந்தது. "தலையைத் தூக்காத கண்ணு. பந்து எங்க போவுதுன்னு பாக்குற ஆசையிலதான் எல்லாம் கெடுது" என்றார் மாமா. மூன்றாவது குழியில்தான் ஒரு அடி ஒழுங்காகப் பட்டது. 'டக்' என்று ஒரு சத்தம், கையில் எந்த அதிர்வும் இல்லை, பந்து மேலே போய் இறுகிய மணலில் விழுந்து துள்ளித் துள்ளி ஓடியது. நான் கத்திவிட்டேன். எங்கோ நாய் குரைத்தது.

அஞ்சாவது குழி கொஞ்சம் மேட்டில் இருந்தது. எதிர்க்காற்று. அங்கிருந்து பார்த்தால் புகை மலை மங்கலாகத் தெரிந்தது. மாமாவை நிற்கவைத்துப் படம் எடுத்தேன். "சிரிங்க மாமா" என்றேன், பழக்கத்தில். அவர் உதட்டை மூடிக்கொண்டு நின்றார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தர்மபுரி மாவட்டத்தின் பாறையில் ஃப்ளோரைடு அதிகம். போர் ஆழமாகப் போகப் போக, தண்ணீரிலும் அது கூடும். ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு. சின்ன வயதில், பல் உருவாகும் காலத்தில் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குப் பழுப்புக் கறை விழும். எத்தனை தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் கறை பல்லின் மேலே இல்லை, பல்லோடு சேர்ந்து வளர்ந்தது. வருஷக்கணக்காகக் குடித்தால் எலும்பையும் பிடிக்கும். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து காவிரித் தண்ணீர் கிடைத்தது. என் தம்பிக்குப் பல் வெள்ளை. எனக்குக் கொஞ்சம் கோடு. மாமாவுக்கு முழுக்க.

ஏழாவது குழியில் அதிகாரியின் பந்து முள்ளுக்குள் போய்விட்டது. அவர் தேடப்போன நேரத்தில் கேட்டேன். மெதுவாகக் கேட்க வேண்டும் என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், "அம்மா நிலத்தை வித்துடலாமான்னு கேக்கச் சொன்னாங்க" என்று அப்படியே கொட்டிவிட்டேன்.

மாமா உடனே ஒன்றும் சொல்லவில்லை. விரிப்பில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார்.

"எனக்குப் பொண்ணு பாக்கப் போனோம், தெரியுமா உனக்கு? நீ அப்ப கைக்குழந்த. அந்தப் பொண்ணு நல்லாத்தான் பேசுச்சு. நான் சிரிச்சேன். அவ்ளோதான், உள்ள எழுந்து போயிடுச்சு. அடுத்த மாசம் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அதுக்கும் நிலத்துக்கும் என்ன மாமா?" என்று மட்டும் கேட்டேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் மடத்தனமான கேள்வி.

"தண்ணி வந்துச்சுன்னா திரும்பி வந்துடலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் மூணு போரு. தண்ணியும் வரல, நானும் வரல. உங்கம்மாவ குத்தம் சொல்ல மாட்டேன். அவளுக்குப் புள்ளைய படிக்க வைக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "கரட்டுப் பக்கத்த குடுத்துடச் சொல்லு. முழுப் பணத்தையும் அவளே எடுத்துக்கட்டும். புளியமரப் பக்கம் மட்டும் வேணும்" என்றார்.

"அங்க என்ன பண்ணுவீங்க?"

"மரத்தடியில உக்காருவேன். சித்திரையில வந்துடறேன். இங்க கணக்கு முடிச்சுக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன்."

இதை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதற்குள் அதிகாரி பந்தைக் கண்டுபிடித்துக் கைதட்டினார்.

ஒன்பது குழியோடு முடித்துக்கொண்டோம். மாமாவுக்கு 47 அடி. நான் எண்ணுவதை நாலாவது குழியிலேயே விட்டுவிட்டேன். திரும்பும் வழியில் இன்னும் தெற்கே போய் ஒரு மரத்தைக் காட்டினார்கள். சுற்றிலும் மணல், நடுவில் அது ஒன்று மட்டும், 400 வருஷத்துக்கும் மேலாகப் பசுமையாக நிற்கிறது. ஷஜரத் அல் ஹயாத், உயிர் மரம் என்று பெயர். கிட்டப்போய் இலையைப் பார்த்தால் வன்னி மரம்! நம் ஊரில் கோயிலில் வைத்துக் கும்பிடுவோமே, அதுவேதான். இதன் தூரத்துச் சொந்தமான சீமைக்கருவேல்தான் எங்கள் கரடு முழுக்க நிற்கிறது. அதை விறகுக்கு வெட்டியே என் சின்ன வயது லீவு நாட்கள் போயின. மாமா மரத்தைத் தொடவில்லை, கொஞ்ச நேரம் நிழலில் நின்றார்.

ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன்.

"கேட்டியா?"

"கேட்டேன். கரட்டுப் பக்கம் குடுத்துடலாமாம், பணம் உனக்கே. புளியமரப் பக்கம் அவருக்கு வேணுமாம். சித்திரையில வந்துடறாராம்மா, ஒரேயடியா."

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"நீ கேட்டப்ப அவன் என்ன பண்ணிட்டிருந்தான்?"

"மணல் தட்டிட்டு இருந்தாரு."

"மணலா? எதுக்கு?"

கோல்ஃபிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.