தோல்வியறியாத பருவம்

குண்டசாலையில் மகாவலிக்கு அண்மையில் அமைந்த சிறு வீடொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாழ்கிறார். அயலிலுள்ள பிள்ளைகள் மாலையில் உதைபந்தாடுவதை முற்றத்து வாங்கில் அமர்ந்து பார்த்திருப்பது அவர் வழக்கம். ஒரு நாள், கழுசான் கிழிந்துவிட்டது, சப்பாத்தும் இல்லை என்று சொல்லிச் சிறுவனொருவன் ஆடாமல் ஒதுங்கி நின்றான்.

“கழுசான், சப்பாத்து இரண்டும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள், தம்பி. நான் இருக்கிற இந்த வாங்குங்கூட அவர்கள் சொல்தான். ஆனால், அவர்களுக்குப் பெருவெற்றி தேடிக் கொடுத்தவன் வெறுங்காலோடு ஆடிப் பழகியவன்” என்றார் ஆசிரியர்.

அவர் குறித்தது யூசேபியோவை. 1942 இல், அன்று போர்த்துக்கலின் குடியேற்ற நாடாயிருந்த மொசாம்பிக்கில் பிறந்தவர் அவர். காலுறைக்குள் செய்தித்தாளைத் திணித்துச் செய்த பந்தே அவருடைய முதற் பந்து. 1960 டிசம்பரில் லிஸ்பன் சென்று பென்பிகா கழகத்திற் சேர்ந்தார். அக்கழகத்தின் 1972-73 பருவம் உதைபந்தாட்ட வரலாற்றில் தனித்து நோக்கற்பாலது. பதினாறு கழகங்கள் மோதிய போர்த்துக்கலின் முதற்பிரிவில் பென்பிகா 30 ஆட்டங்கள் ஆடி, 28 இல் வென்று, இரண்டைச் சமப்படுத்தியது; ஒன்றிலும் தோற்கவில்லை. முதல் 23 ஆட்டங்களும் தொடர் வெற்றிகளே. அடித்த கோல்கள் 101, வாங்கியவை 13. வெற்றிக்கு இரண்டு புள்ளிகள் வழங்கப்பட்ட அக்காலத்தில், பெறத்தக்க 60 புள்ளிகளுள் 58ஐப் பெற்று, இரண்டாம் இடத்துப் பெலனென்சஸ் கழகத்தைப் 18 புள்ளிகளால் முந்தியது. யூசேபியோ மட்டும் 40 கோல்கள் அடித்து, ஐரோப்பாவில் அவ்வாண்டின் தங்கப் பாதணியை இரண்டாம் முறையாகப் பெற்றார்.

அப்போது ஆசிரியர் பேராதனை வளாகத்தில் மாணவர். தந்தையார் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். தாயார் கொழுந்து பறித்தவர். சில நாள் தாமதித்து வந்துசேரும் ஆங்கிலச் செய்தித்தாள்களில் விளையாட்டுப் பக்கத்தையே அவர் முதலிற் புரட்டுவார். ஒடுக்கப்பட்ட இனத்தான் ஒருவன் ஐரோப்பியரின் களத்திலேயே அவர்களை விஞ்சுகிறான் என்ற பெருமிதம், அவரைப் போன்ற இளைஞருக்கு அன்று உரமளித்தது.

1973 ஜூலையில் வேறொரு செய்தி வந்தது. மொசாம்பிக்கின் விரியாமுக் கிராமத்தில் போர்த்துக்கேயப் படையினர் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானோரைக் கொன்றதை லண்டன் ‘டைம்ஸ்’ வெளிப்படுத்தியது. கொலை நடந்த நாள் 1972 டிசம்பர் 16. அந்நாளை ஆசிரியர் தம் குறிப்பேட்டில் எழுதியிருந்த ஆட்ட முடிவுகளோடு ஒப்பிட்டார். அது அந்த வெற்றிப் பருவத்தின் நடுப்பகுதி. லிஸ்பனின் அரங்கு மொசாம்பிக்கில் பிறந்த ஒருவருக்காக ஆர்ப்பரித்த அதே மாதத்தில், மொசாம்பிக்கில் பிறந்த மற்றையோர் சுடப்பட்டு வீழ்ந்தனர்.

அன்று தொடங்கிய கேள்வி அவரை விட்டகலவில்லை. அவ்வெற்றி யாருக்கு உரியது? யூசேபியோவை அவர் குறை கூறியதில்லை. தமக்குத் தெரிந்த தொழிலைத் திறம்படச் செய்தவர் அவர். ஆனால் 1961 வரை மொசாம்பிக்கின் கறுப்பின மக்களுட் பெரும்பாலோர் ஆள்வோரின் சட்டப்படி முழுப் பிரசைகளல்லர் என்பதை அறிந்தபோது, ஆசிரியருக்குத் தம் வீடு நினைவுக்கு வந்தது. இலங்கைத் தேயிலையின் புகழ் உலகெங்கும் பரவியிருந்தது. அதனை விளைவித்தவர்களோ 1948 ஆம் ஆண்டின் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964 ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சியோரைப் பின்னர் பார்ப்பதென ஒதுக்கியது. ஆசிரியரின் தமையனார் இந்தியப் பங்கில் சேர்ந்து கப்பலேறினார். தந்தையாரின் விண்ணப்பம் முடிவின்றிக் கிடந்தது.

1974 ஏப்ரல் 25 இல் லிஸ்பனின் சர்வாதிகாரம் கவிழ்ந்தது; 1975 ஜூன் 25 இல் மொசாம்பிக் விடுதலை பெற்றது. யூசேபியோ போர்த்துக்கலிலேயே வாழ்ந்து 2014 இல் மறைந்தார். மறு ஆண்டு அவரது உடல் அந்நாட்டுப் பெருமக்கள் துயிலும் தேசிய நினைவாலயத்துக்கு மாற்றப்பட்டது. இலங்கையில், எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது. தந்தையார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் கவ்வாத்து வெட்டிய மலையிலேயே, கல்வெட்டு எதுவுமின்றிப் புதைக்கப்பட்டார்.

இவற்றையெல்லாம் ஆசிரியர் சிறுவனிடம் விரித்துரைக்கவில்லை. கோல்களின் தொகையை மட்டுமே சொன்னார். வியப்போடு கேட்டிருந்த சிறுவன், “அப்ப அவர் எந்த நாட்டு ஆள், சேர்?” என்றான்.

ஐம்பது ஆண்டுகளாகத் தாம் கேட்டுவந்த கேள்வியை ஒரு பிள்ளையின் வாயிலிருந்து கேட்ட ஆசிரியர் சற்று நேரம் பேசவில்லை. “அவர் பிறந்த ஊரைக் கேட்டால் சொல்லிவிடுவேன், தம்பி. நீ கேட்டது வேறு” என்றார். மைதானத்திலிருந்து யாரோ பெயர் சொல்லி அழைக்கவே, சிறுவன் கிழிந்த கழுசானைக் கையாற் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினான்.