ஓர் அடி பின்னால்

நியூ ஜெர்சியில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் நான் பாரா. பாராப்ரொஃபெஷனல் என்பது முழுப் பெயர்; பள்ளியில் யாரும் அவ்வளவு நீளமாகக் கூப்பிடுவதில்லை. சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் டீச்சருக்குத் துணையாக இருப்பவள். காலையில் பஸ்ஸிலிருந்து பிள்ளையை இறக்கி அழைத்து வருவேன். அன்றைக்கு என்னென்ன நடக்கப்போகிறது என்று காட்டும் படங்களை வெல்க்ரோ பலகையில் வரிசையாக ஒட்டுவேன். கணக்குத் தாளில் அவன் விரல் எந்த வரியில் நிற்கிறது என்று பார்ப்பேன். கழிப்பறைக்குக் கூட்டிப்போவதும், தேவைப்பட்டால் டயப்பர் மாற்றுவதும் என் வேலைதான். உணவுக்கூடத்தின் இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டால் ஹெட்ஃபோனை எடுத்துத் தருவேன். பாடம் நடத்துவது டீச்சர். அந்தப் பாடம் பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பக்கத்திலிருந்து கவனிப்பது நாங்கள்.

இப்படி ஒரு வேலை இன்றைக்கு இவ்வளவு பள்ளிகளில் இருப்பதற்கு ஒரு சட்டம் காரணம். 1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் அது. அதற்கு முன்பு, ‘இந்தப் பிள்ளையை எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது’ என்று பல பள்ளிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பின. பத்து லட்சம் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளுக்கு முற்றிலும் வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது இத்தகைய ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐ.இ.பி. என்று தனியாக ஒரு கல்வித் திட்டம் உண்டு. இவனுக்கு ஓர் ஆள் துணை வேண்டும் என்று அதில் எழுதிவிட்டால், பள்ளி ஆள் போட்டே ஆக வேண்டும்.

அந்த ஒரு வரிக்காக நம் தமிழ்ப் பெற்றோர் எவ்வளவு அலைகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஒருவரையொருவர் பார்த்தால், “ஒன் டு ஒன் கிடைச்சிருச்சா?” என்பதுதான் முதல் கேள்வி. பேச்சு வராத பிள்ளையைப் பகல் முழுவதும் முன்பின் தெரியாதவர்களிடம் விட்டுவிட்டு வரும் தாய்க்கு, அவனுக்கென்று அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்பது பெரிய நிம்மதி. அந்த நிம்மதியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த ஒருத்தியாக இருப்பவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆள் பக்கத்தில் இருப்பது பாதி வேலைதான். அவள் எப்போது கையை எடுக்கிறாள், எப்போது நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்கிறாள் என்பதில் இருக்கிறது மீதி. அந்த மீதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

எனக்கு இது புரிந்தது பெக்ஸ் பயிற்சியில். படம் கொடுத்துப் பேசும் முறை அது. ஆண்டி போண்டி, லோரி ஃப்ராஸ்ட் என்ற இருவர் 1985-இல் டெலவேர் மாநிலத்தில் உருவாக்கியது. அதன் முதல் கட்டத்துக்கு ஒரு பிள்ளைக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். எதிரே பேச்சுப் பயிற்சியாளர். அவர் கையில் பிள்ளைக்குப் பிடித்த பண்டம், எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் விஷயத்தில் மீன் வடிவ பிஸ்கட். நடுவே மேசையில் அந்த பிஸ்கட்டின் படம் ஒன்று. பிள்ளைக்குப் பின்னால், முகம் தெரியாத இடத்தில், நான்.

‘என்ன வேண்டும்?’ என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால், கேட்டபிறகுதான் வாய் திறக்க வேண்டும் என்று பிள்ளை பழகிவிடும். அவனாக பிஸ்கட்டை நோக்கிக் கை நீட்டும்வரை நான் அசையக் கூடாது. நீட்டிய நொடியில் அந்தக் கையைப் பின்னாலிருந்து மெல்லப் பிடித்து, படத்தின் மேல் வைத்து, எடுக்கவைத்து, எதிரே விரிந்திருக்கும் உள்ளங்கையில் போடவைக்க வேண்டும். போட்டதும் பிஸ்கட் கிடைக்கும். அதன் பெயரையும் அவர் சொல்வார். நான் வாயே திறக்கக் கூடாது. ‘சபாஷ்’ என்றுகூட சொல்லக் கூடாது. பேச்சு நடப்பது அவனுக்கும் எதிரே இருப்பவருக்கும் இடையில். அதில் எனக்கு இடமில்லை.

பிறகு, கடைசியிலிருந்து கையை எடுத்துக்கொண்டே வர வேண்டும். முதலில், உள்ளங்கையில் படத்தை விடுவதை அவனே செய்யட்டும். அடுத்து, படத்தோடு கையை நீட்டுவதை விட்டுக்கொடுக்க வேண்டும். அப்புறம் மேசையிலிருந்து எடுப்பதை. மணிக்கட்டைப் பிடித்த கை முழங்கைக்குப் போகும், அங்கிருந்து தோளுக்கு, அப்புறம் காற்றில் நிற்கும். ஒருநாள் நான் தொடாமலே அவன் படத்தை எடுத்து நீட்டினான். பயிற்சியாளர் பிஸ்கட்டைக் கொடுத்தார். தின்றுவிட்டு மறுபடி எடுத்து நீட்டினான். பிறந்ததிலிருந்து அழுதும் கையைப் பிடித்து இழுத்தும் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை அவன். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவன் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமல் இருப்பதற்குத்தான் அத்தனை பாடும்.

நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது கடினம். நமக்கு அன்பு என்றாலே ஊட்டிவிடுவதுதான். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் சோற்றைப் பிசைந்து உருட்டி வாயில் வைக்கிறோம், செருப்பை மாட்டிவிடுகிறோம், அது கேட்பதற்கு முன்பே தண்ணீர் டம்ளர் வந்துவிடும். இந்தப் பழக்கத்தில் நான் எந்தக் குறையும் சொல்லவில்லை, அதில் வளர்ந்தவள்தான் நானும். ஆனால் கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டிய பிள்ளைக்கு, கேட்பதற்கு ஒரு தேவை இருக்க வேண்டும். எல்லாம் தானாக வந்துகொண்டே இருந்தால் அவன் எதற்காகப் படத்தை எடுப்பான்?

வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஜியான்கிரெகோவும் உடன் பணிபுரிந்தவர்களும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த வேலையில் இருக்கும் எல்லோரும் படிக்க வேண்டியது. பாராக்கள் பிள்ளையை ஒட்டியே உட்கார்ந்திருந்தால் என்ன நடக்கிறது என்று வகுப்பறைகளில் இருந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளையைத் தன் மாணவன் என்று நினைப்பது குறைகிறது. மற்ற பிள்ளைகள் கிட்டே வருவதில்லை. பிள்ளை எதற்கெடுத்தாலும் பெரியவர் முகத்தைப் பார்க்கத் தொடங்குகிறது. துணைக்கு இருப்பவர் பெண் என்பதால் ஆண் பிள்ளையைப் பெண்கள் கழிப்பறைக்கு அழைத்துப்போவது வரை அதில் பதிவாகியிருக்கிறது. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை. அக்கறையால்தான் எல்லாம்.

நானே தினமும் காண்பதுதான். பையன் ஓவிய வகுப்புக்குப் போகிறான். அங்கிருக்கும் ஆசிரியை என்னைப் பார்த்து, “அவனுக்கு நீல நிறம் வேண்டுமா, சிவப்பா?” என்று கேட்கிறார். அவன் நடுவில் உட்கார்ந்திருக்கிறான். நான் பதில் சொல்வதில்லை. அவன் பக்கம் திரும்பிக்கொள்வேன். நான் அவனைப் பார்த்தால் அவரும் பார்ப்பார், கேள்வி தானாக அவனிடம் போய்விடும். சிலருக்கு இது மரியாதைக் குறைவாகப் படலாம். பரவாயில்லை. அந்தக் கேள்வி அவனுடையது.

கேட்ட பிறகு காத்திருக்க வேண்டும், அது இன்னொரு பாடம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களிலேயே கண்டு சொன்னார். மூன்று நொடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, பதில் சொல்லும் பிள்ளைகளும் கூடுகிறார்கள். அது சாதாரணமாகப் பேசும் பிள்ளைகளுக்கு. ஐபேடில் பொத்தானைத் தட்டிப் பேசும் பிள்ளைக்கு மூன்று நொடி எங்கே போதும்? கேள்வி காதில் விழ வேண்டும், பொருள் புரிய வேண்டும், எந்தப் பக்கத்தில் அந்தச் சொல் இருக்கிறது என்று தேட வேண்டும், விரல் வேறு பொத்தானில் பட்டால் அழித்துவிட்டு மறுபடி தட்ட வேண்டும். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டு சும்மா இருப்பேன். வகுப்பு முழுக்க அமைதியாகி, எல்லோரும் நெளிவார்கள். யாராவது ஒருவர் பொறுக்காமல் அவனுக்குப் பதிலாகச் சொல்ல வாயெடுப்பார். ‘ஒரு நிமிஷம்’ என்று கையைக் காட்டுவேன். நாள் முழுவதும் நான் செய்வதில் மிகப் பயனுள்ளது அந்தக் கையைக் காட்டுவதுதான் என்று நினைக்கிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வேலையாகவே தெரியாது. “எம்.எஸ்சி. படிச்சிட்டு இந்த வேலையா?” என்று உறவினர்கள் கேட்கிறார்கள். எச்-4 விசாவில் இருக்கும் மனைவியரில் ஒரு பகுதியினர் வேலை பார்க்கலாம் என்று 2015 மே மாதம் வழி திறந்தபோது, எனக்குத் தெரிந்த பெண்கள் சிலர் பள்ளி நேரம் தங்கள் பிள்ளைகளின் நேரத்தோடு பொருந்துகிறதே என்று இதற்கு வந்தார்கள். 2002-இல் வந்த கூட்டரசுச் சட்டப்படி, ஏழைப் பிள்ளைகளுக்கான நிதியில் நடக்கும் வகுப்புகளில் பாடத்துக்கு உதவும் பாராவுக்கு இரண்டாண்டு கல்லூரிப் படிப்பு வேண்டும், அல்லது தேர்வில் தேற வேண்டும். பாராப்ரோ என்ற தேர்வில் 90 கேள்விகள், வாசிப்பும் எழுத்தும் கணக்கும். அதில் ஒரு கேள்விகூட கையை எப்போது எடுப்பது என்பதைப் பற்றியது அல்ல. சம்பளம் மணிக்கணக்கில், கோடை விடுமுறைக்குக் கிடையாது. இதை நம்பி மட்டும் ஒரு குடும்பம் நடத்த முடியாது. இவ்வளவு நுட்பமான வேலைக்கு இவ்வளவு குறைவாகக் கொடுப்பது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனாலும் சம்பளத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. இந்தியக் கடையில் புளியும் கறிவேப்பிலையும் எடுத்துக்கொண்டு நிற்கும்போது, வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையின் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொள்வாள். “அக்கா, இன்னிக்கு ஏதாவது சாப்பிட்டானா? யார்கூடவாவது விளையாடுறானா?” எனக்கு எல்லாம் தெரியும். என்ன சாப்பிட்டான், யார் பந்தை உருட்டிவிட்டார்கள், இவன் எப்படித் திருப்பி உருட்டினான், எல்லாம். ஆனால் மாணவர் தகவல்களைக் காக்க 1974-இலேயே சட்டம் வந்துவிட்டது. நாலு பேர் காதில் விழும்படி கடை வரிசையில் நின்று பிள்ளையைப் பற்றிப் பேச முடியாது. அதற்கும் மேல், பெற்றோரிடம் சொல்ல வேண்டியதை டீச்சர்தான் சொல்ல வேண்டும் என்பது பள்ளி முறை. “டீச்சர்கிட்ட கேளும்மா, நல்லா இருக்கான்” என்று மட்டும் சொல்லிவிட்டு வருவேன். அவள் முகம் வாடுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

சொல்வதற்குச் சரியான இடம் ஐ.இ.பி. கூட்டம். அங்கே டீச்சர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், பெற்றோர் எல்லோரும் உட்காருகிறார்கள். நாளெல்லாம் பிள்ளையோடு இருக்கும் பாரா பெரும்பாலும் அந்த அறையில் இருப்பதில்லை. அந்நேரம் அவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் பிள்ளையைப் பற்றி நன்கு அறிந்த ஒருவரைக் கூட்டத்துக்கு அழைக்கப் பள்ளியைப் போலவே பெற்றோருக்கும் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. இது பல பெற்றோருக்குத் தெரியாது. ஒன் டு ஒன் கேட்டு வாதாடும் அதே கூட்டத்தில், அந்த ஒன் டு ஒன்னையும் கூப்பிடுங்கள் என்று கேளுங்கள். அவள் என்ன செய்கிறாள் என்பதோடு, போன வருஷம் செய்ததில் எதையெல்லாம் இந்த வருஷம் விட்டுவிட்டாள் என்றும் கேளுங்கள். எந்த மாதத்துக்குள் எதில் கையை எடுப்பது என்று திட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஜூனில் பள்ளி முடிந்ததும் பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போவான்; அங்கே வேறொரு பாரா இருப்பார். அவருக்காக ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இந்த வருஷம் எழுதியது இப்படி: ‘ஜாக்கெட் ஜிப்: கீழே கோத்துவிட்டால் போதும், மேலே இழுப்பது அவன். பால் அட்டைப்பெட்டி: அவனே திறப்பான், சிந்தினால் துடைக்கவும் அவனுக்குத் தெரியும். உணவுக்கூடம்: பக்கத்து இருக்கையில் உட்கார வேண்டாம், இரண்டு பையன்கள் வருவார்கள், இடம் விடுங்கள். கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.’ இதை ஐ.இ.பி. கோப்பில் சேர்க்க வேண்டும் என்று டீச்சரிடம் கேட்டேன். அவர் படித்துப் பார்த்தார். அடுத்த கூட்டம் வியாழக்கிழமை, வகுப்பைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளை ஏற்பாடு செய்கிறேன், பெற்றோர் முன்னால் நீங்களே வந்து சொல்லுங்கள் என்றார்.