முகம் காட்டாத லாரி டிரைவர்

திரில்லர் என்றால் எனக்கு இன்றும் ஸ்பீல்பெர்க்கின் ‘டூயல்’தான். 1971-இல் டிவிக்காக எடுத்த படம். காரில் போகும் ஒரு சேல்ஸ்மேனை டேங்கர் லாரி ஒன்று விடாமல் துரத்துகிறது. கதை அவ்வளவுதான். டிரைவரின் கை தெரியும், பூட்ஸ் தெரியும். முகம் கடைசிவரை தெரியாது. ஏன் துரத்துகிறான் என்றும் சொல்வதில்லை. அதுதான் வயிற்றைப் பிசைகிறது. இப்போது பல படங்களில் வில்லனுக்கு நீளமாக ஒரு ஃபிளாஷ்பேக் வைத்து, இருந்த பயத்தையும் கரைத்துவிடுகிறார்கள்.

இப்படி வழக்கத்தை மீறும் துணிச்சல் நம் தமிழ் சினிமாவிடமும் இருந்தது. 1954-இல் எஸ். பாலசந்தர் ஒரு பாட்டுகூட இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்தார். தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார்!

சாகசப் படமென்றால் ‘இண்டியானா ஜோன்ஸ்’ முதல் பாகம். அதில் ஹீரோவுக்கு அடிபட்டால் வலிக்கிறது. ஆனால் 1984-இல் வந்த அடுத்த படத்தில், இந்திய அரண்மனை விருந்தில் குரங்கு மூளை பரிமாறுவதாகக் காட்டியதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.