பொம்மைக்கு ஒரு வேலை வேணும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி அதிகமா இருக்கிறவங்க ஞாயிற்றுக்கிழமை வந்து படிங்க.

ஒரு பிளாஸ்டிக் பொம்மை செய்ய எவ்வளவு ஆகும்? என்கிட்ட கேட்டா ரெண்டு பதில் சொல்வேன். முதல் பொம்மைக்குச் சில லட்சம். ரெண்டாவது பொம்மைக்குச் சில ரூபாய். முதலாவதுக்கு ஸ்டீல்ல டை வெட்டணும். அதுக்கப்புறம் குருணையைக் கொட்டி மெஷினை ஓட்ட வேண்டியதுதான், வந்து விழுந்துகிட்டே இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல பத்தொன்பது வருஷமா டை வெட்டுற பொழப்பு நம்முது. (ஊர் பேரை வச்சு கும்மி ஜோக் அடிக்கிறவங்க இத்தோட நிறுத்திக்கவும். எல்லாத்தையும் கேட்டாச்சு.) திருவள்ளூர்ல ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜ்ல மாறி, கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிக்கிறதுக்குள்ள யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். இந்தப் பதிவே அப்படி யோசிச்சதுதான்.

டை விலை இப்படி இருக்கிறதால பொம்மை வியாபாரத்துல ஒரே ஒரு கேள்விதான் முக்கியம். ஒரே ஆள் ஏன் திரும்பத் திரும்ப வந்து வாங்கணும்? அலமாரியில வைக்கிறதுக்குன்னா ஒண்ணு போதுமே.

இதுக்கு ஒரு பதிலை நான் சின்ன வயசுலயே பார்த்திருக்கேன், அப்போ புரியலை. ஃபன்ஸ்கூல் ஞாபகம் இருக்கா? எம்.ஆர்.எஃப்.பும் அமெரிக்காவோட ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல ஆரம்பிச்சது. அவங்க இங்கே தயாரிச்ச ஜி.ஐ. ஜோ பொம்மைகளை, கலர் வித்தியாசமா இருக்குன்னே இன்னைக்கு வெளிநாட்டுல தேடித்தேடி வாங்குறாங்க. பொம்மை அட்டையோட பின்பக்கம் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும். அந்த வீரனோட பேர், ஊர், அவன் எதுல கெட்டிக்காரன், அவன் குணம். அமெரிக்காவுல 1982-ல இந்த பொம்மைகளைப் புதுசா விட்டப்போ மார்வெல் காமிக்ஸும் கூடவே வந்தது. காமிக்ஸ் எழுதின லாரி ஹாமாதான் அந்த அட்டைக் குறிப்புகளையும் எழுதினவர். கதை பொம்மையை வித்தது, பொம்மை கதையை வித்தது. எங்க வீட்டுல ஒரே ஒரு ஜி.ஐ. ஜோ. அவனும் நவராத்திரிக்கு கொலு பார்க்குல கடுகுப் பயிர் நடுவே காவலுக்கு நிப்பான்.

கதையோட விளையாட்டும் சேர்ந்தா என்ன ஆகும்னு காட்டினது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். என் அக்கா பையன் காலேஜ் சேர்ந்ததுல இருந்து ஞாயிறானா நாலு பசங்களோட இதைத்தான் விளையாடுறான். தெரியாதவங்களுக்கு: ஒருத்தர் கதை சொல்லி, மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம். கதை சொல்றவர் "கதவுக்குப் பின்னாடி உறுமல் சத்தம்"னுவார், நீங்க என்ன செய்றீங்கன்னு சொல்லிட்டு இருபது முகப் பகடையை உருட்டணும். நம்ம தாயக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி.

இதோட பிறப்பே பொம்மையிலதான். 1971-ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் "செயின்மெயில்"னு ஒரு விதிப்புத்தகம் போட்டாங்க. மேஜை மேல சின்னச் சின்ன வீரர்களை நிறுத்திச் சண்டை போடுறதுக்கு. அதுல மந்திரவாதி, டிராகன் எல்லாம் பின்னிணைப்பா வந்தது. அங்கிருந்து கிளை விட்டதுதான் 1974-ல கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டி அண்ட் டி. முதல்ல அச்சடிச்சது 1000 பிரதிகள்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம் ஒண்ணு. விளையாட்டுக்கு அரக்கன் பொம்மை வேணும், கடையில கிடையாது. கைகாக்ஸ் ஹாங்காங்ல தயாரான சல்லிசான பிளாஸ்டிக் பொம்மைப் பை ஒண்ணை வாங்கினார். டைனோசர்னு சொல்லி வித்தது, ஆனா எந்த டைனோசர் மாதிரியும் இல்லாத கோணல்மாணல் ஜந்துக்கள். அதுல ஒண்ணைப் பார்த்துத்தான் இரும்பைத் துருவாக்கித் தின்கிற மிருகத்தை உருவாக்கினார். ஆந்தைக் கரடியும் அந்தப் பையில இருந்து வந்ததுதான். பேர் தெரியாத யாரோ ஒரு டூல் ரூம் ஆள் வெட்டின டை! அம்பது வருஷம் கழிச்சு அதே ஆந்தைக் கரடியைப் பெயின்ட் அடிச்சு, உரிமம் வாங்கி, நல்ல விலைக்கு விக்கிறாங்க. அந்த ஹாங்காங் ஆளுக்கு இது தெரியுமான்னு நினைச்சா நெஞ்சு என்னமோ பண்ணுது.

ஆனா இங்கே ஒரு சிக்கல். டி அண்ட் டி-ல ஒரு ஆளுக்கு ஒரு பொம்மை போதும். அஞ்சு பேர்னா அஞ்சு பொம்மை, மிச்சத்துக்கு அக்கா பையன் கூட்டம் புளியங்கொட்டையும் சோடா மூடியும் வச்சுக்குறாங்க. "இந்த மூடிதான் டிராகன் மாமா"ங்கிறான். பொம்மைக்காரனுக்கு இதுல என்ன லாபம்?

இந்த இடத்துல இங்கிலாந்துக்காரன் புத்திசாலி. கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 1975-ல லண்டன்ல ஆரம்பிச்ச கம்பெனி. டி அண்ட் டி-யை ஐரோப்பாவுக்கு இறக்குமதி பண்ணி வித்தாங்க, எழுபதுகளோட கடைசியில சிட்டடெல்னு உலோக உருவங்களும் செய்ய ஆரம்பிச்சாங்க. 1983-ல வார்ஹாமர் வந்தது. இதுல நீங்க ஒரு ஆள் இல்லை, ஒரு படை. அஞ்சு பொம்மை வாங்கின கையால அம்பது, நூறு வாங்க வைக்கிற விதி! பொம்மையை விக்கத்தான் விளையாட்டே. அந்தக் கம்பெனி 2024 டிசம்பர்ல லண்டன் பங்குச்சந்தையோட முதல் நூறு கம்பெனிப் பட்டியலுக்குள்ளயே போயிடுச்சு.

அமெரிக்கா பக்கம் வேற ரூட். டி அண்ட் டி கம்பெனியை 1997-ல விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்க, அவங்களை 1999-ல ஹாஸ்ப்ரோ வாங்கினது. ஆமா, நம்ம ஜி.ஐ. ஜோ ஹாஸ்ப்ரோவேதான். 2000-ல விஸ்கிட்ஸ்னு ஒரு கம்பெனி, பெயின்ட் அடிச்ச உருவங்களை உள்ளே என்ன இருக்குன்னு தெரியாத பெட்டியில போட்டு "மேஜ் நைட்" விட்டு அள்ளினாங்க. 2003-ல விசார்ட்ஸும் அதே வழி. பெட்டிக்கு எட்டு உருவம், அதுல ஒண்ணு அரிய வகை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு அட்டை: ஒரு பக்கம் சண்டை விளையாட்டுக்கான எண்கள், மறுபக்கம் டி அண்ட் டி-க்கான எண்கள். அந்த அட்டைதான் எனக்குப் பெரிய விஷயமாப் படுது. சண்டை ஆடுறவனுக்கு அரிய பொம்மை வேணும். கதை சொல்றவனுக்கோ சாதா பொம்மைதான் வேணும், ஆனா பத்து வேணும், குகையில பத்து ஓர்க் நிக்கணுமே! ஒருத்தன் வேண்டாம்னு ஒதுக்கினதை இன்னொருத்தன் தேடி வாங்குறான். பெட்டி வீணாகலை. அதே 2003-ல வந்த டி அண்ட் டி விதிகளும் "அஞ்சு அடி ஒரு கட்டம்"னு இடத்தைக் கணக்குப் பண்ணிச்சு, 2008 பதிப்புல கட்டம் இல்லாம ஆடுறதே கஷ்டம்னு ஆச்சு. எங்கே நிக்கிறோம்கிறது முக்கியம்னா சோடா மூடி பத்தாது, பொம்மை வேணும்.

மூடின பெட்டி எனக்குப் பிடிக்கலை, சொல்லிடுறேன். பபுள்கம்ல கிரிக்கெட் படம் தேடிப் பல்லைக் கெடுத்துக்கிட்ட தலைமுறை நாம. அது சூதாட்டத்துக்குப் பக்கத்து வீடு.

சரி, இதெல்லாம் இப்போ எதுக்கு? பக்கத்துல சின்னதா மோல்டிங் யூனிட் வச்சிருக்கிற நண்பர் ஒருத்தர். நாலு மெஷின், ஏழு ஆட்கள். மூடி, கிளிப் ஆர்டரெல்லாம் குறைஞ்சு ரெண்டு மெஷின் தூங்குது. "அண்ணே, மகாபாரத பொம்மை போடலாம்ணே. கௌரவர் 11 அக்குரோணி, பாண்டவர் 7. எவ்வளவு விக்கலாம் பாருங்க"ன்னார். ஒரு அக்குரோணிக்குக் காலாள் மட்டுமே 1,09,350, தெரியும்ல? டை வெட்டுறது நான், பாதி முதலும் நான். முதல்னா என் பி.எஃப். வீட்டுல அந்தப் பணத்துக்கு "பொண்ணு படிப்பு"ன்னு பேர்.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. இதை வாங்கினவன் அதை வச்சு என்ன செய்வான்? "ஷோகேஸ்ல வைப்பான்"ன்னார். அப்போ ஆளுக்கு ஒரு அர்ஜுனன், கதை முடிஞ்சது.

கொலுவைப் பாருங்க. கொசப்பேட்டையிலும் பண்ருட்டியிலும் விளாச்சேரியிலும் மண்ணையும் காகிதக்கூழையும் பிசையுறவங்க பொழப்பு ஓடுறது பொம்மை அழகா இருக்கிறதால மட்டும் இல்லை. வருஷம் ஒரு புது பொம்மையாவது வைக்கணும்னு பல வீடுகள்ல ஒரு பழக்கம் இருக்கு. படி ஒற்றைப்படையில இருக்கணும், அஞ்சு ஏழானா ரெண்டு படியை நிரப்பணும். கல்யாண செட், கிரிக்கெட் செட், தசாவதார செட்னு செட்டா வேணும். அதாவது விதிப்புத்தகம் ஏற்கனவே வீட்டுப் பெண்கள் கையில இருக்கு, அச்சடிக்காம. இன்னொரு பக்கம் பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம். அருமையான விளையாட்டுகள், ஆனா சோழியும் புளியங்கொட்டையும் போதும். விக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லை! அதனாலதான் சென்னையில வினிதா சித்தார்த்தாவோட கிரீடா மாதிரி ஆட்கள் அதுக்குப் பலகையும் பெட்டியும் செஞ்சு மறுபடி கடைக்குக் கொண்டு வர வேண்டியிருந்தது.

டை விஷயத்துலயும் நண்பர் அவசரப்படுறார். கையில வாளோட நிக்கிற வீரனை ரெண்டு பாதி டையில வார்த்தா கைக்கும் உடம்புக்கும் நடுவே மாட்டிக்கும், அண்டர்கட். அதனாலதான் பெயின்ட் அடிச்சு வர்ற பொம்மைகள் வளையுற பிவிசி-ல வருது, கேம்ஸ் ஒர்க்‌ஷாப்காரன் கை தனி கால் தனியா சட்டத்துல கொடுத்து நம்மளையே ஒட்டச் சொல்றான். எழுபதுகள்ல சின்ன கம்பெனிகள் தாக்குப்பிடிச்சது எப்படின்னா, ஸ்டீலே வெட்டலை. ரப்பர் அச்சைச் சுத்தவிட்டு உலோகத்தை ஊத்தினாங்க. ரப்பர் சீக்கிரம் தேயும், ஆனா நூறு இருநூறு உருவத்துக்கு அது போதும். இப்போ ரெசின் த்ரீ-டி பிரிண்டர்ல அச்சே வேண்டாம். அப்புறம் 14 வயசுக்குள்ள பிள்ளைகள் விளையாடுற பொம்மைன்னா 2021 ஜனவரி 1-ல இருந்து பி.ஐ.எஸ். முத்திரை கட்டாயம், அந்தச் செலவும் இருக்கு. அதனால ஸ்டீலுக்கு பி.எஃப். கிடையாதுன்னு சொல்லிட்டேன். நண்பருக்கு முகம் சுருங்கிடுச்சு. அந்த ஏழு பேர்ல ரெண்டு பேர் நான் வேலை கத்துக்கொடுத்த பசங்க, அதனால எனக்கும் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. முதல்ல விளையாட்டு, அப்புறம் ரெசின்ல பத்து உருவம், ஆட்கள் வந்து இன்னும் வேணும்னு கேட்டா ஸ்டீல். இது என் கணக்கு.

விளையாட்டைக் கொண்டு வந்தது அக்கா பையன். "அக்குரோணி வேண்டாம் மாமா. வெட்சி, கரந்தை." பகைவர் மாட்டைக் கவர்ந்து ஓட்டிட்டு வர்றது வெட்சி, அதை மீட்கிறது கரந்தை. ஸ்கூல் தமிழ்ல மனப்பாடம் பண்ணி மறந்துட்டேன், இவன் அதைக் கட்டம் போட்டு வச்சிருக்கான். ஒரு பக்கத்துக்கு எட்டு வீரர், நடுவுல மந்தை, மாடு எந்தப் பக்கம் மிரளும்னு பகடை. செத்த வீரனுக்கு நடுகல், அடுத்த ஆட்டத்துல அந்தக் கல் பக்கத்துல நிக்கிறவனுக்கு ஒரு பலம். நடுகல்லும் ஒரு பொம்மைதானே! நண்பர் முகம் அப்போதான் கொஞ்சம் தெளிஞ்சது.

இப்போதைக்கு வீரர்கள் எல்லாம் சோடா மூடி. மாடு மட்டும் அசல்: தங்கமணி கொலுப் பெட்டியில இருந்து கிருஷ்ணர் செட்டுப் பசுக்கள் பன்னிரண்டை எடுத்துக் கொடுத்திருக்காங்க. மகாளய அமாவாசைக்கு முன்னாடி பன்னிரண்டும் கொம்பு உடையாம திரும்ப வரணுமாம். ஒண்ணுக்கு ஏற்கனவே ஃபெவிக்விக் போட்டாச்சு, சத்தம் போடாதீங்க.