முதல் கியரிலேயே முடிந்துவிடும் சாலை

ஆய்வு உதவித்தொகையில் ஆண்டுகளைக் கழித்து, முதல் முழுச் சம்பளம் பெறும் ஒருவர் சுசூகி ஹயபூசாவை விரும்பினால் அதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. 2004இல் வெளியான ‘தூம்’ திரைப்படம் ஒரு தலைமுறைக்கே ஊட்டிய கனவு அது. 1340 சிசி எஞ்சின், ஏறத்தாழ 190 குதிரைத்திறன், 260 கிலோவுக்கு மேற்பட்ட எடை.

ஆனால் அதை ஓட்டுவது எங்கே? 2018ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கையின்படி மோட்டார் சைக்கிளின் உச்ச வேகம் நகரில் மணிக்கு 60 கிலோமீட்டர். விரைவுச்சாலையிலும் 80 மட்டுமே. மும்பை–புனே விரைவுச்சாலையில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதியே இல்லை. இத்தகைய வண்டியோ முதல் கியரிலேயே நூறைக் கடந்துவிடும்.

ஆயிரம் சிசி பந்தய வகை வண்டிகள் தம் முழுத் திறனை நிமிடத்திற்குப் பதின்மூன்றாயிரம் சுழற்சிகளை ஒட்டியே வெளிப்படுத்துகின்றன. நகரில் ஓட்டுபவர் ஐந்தாயிரத்தைத் தாண்டுவதே அரிது. அவருக்குப் பயன்படுவது குறைந்த சுழற்சியில் கிடைக்கும் இழுவிசை. ஹயபூசாவின் பெரிய எஞ்சின் அதைத் தாராளமாகவே தருகிறது. எனினும் நெரிசலில் தொடையைச் சுடும் வெப்பமும், வேகத்தடையில் உரசும் அடிப்பாகமும், மணிக்கட்டில் இறங்கும் உடற்சுமையும் கூடவே வருகின்றன.

2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நால்வர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஆகவே குதிரைத்திறனைப் பார்க்குமுன் பிரேக்கையும் ஏபிஎஸ்ஸையும் இழுவிசைக் கட்டுப்பாட்டையும் பார்ப்பது நன்று. இரு பாதங்களும் தரையில் ஊன்றுகின்றனவா, பின்னிருக்கையில் அமர்பவர் அச்சமின்றி வருவாரா என்பவையும் விலைப்பட்டியலில் இல்லாத, ஆனால் விடை தேவைப்படும் கேள்விகள்.