ஏடும் குரலும்: காரைதீவில் கண்ணகி வழக்குரை

கண்ணகி வழக்குரை என்பது கிழக்கிலங்கையின் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது பாடப்படும் நெடும்பாடல். ஊர்ப்பேச்சில் அம்மன் 'கண்ணகை'. சடங்கின் நிறைவாகிய திருக்குளிர்த்தி 'குளுத்தி'. வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர் என முஸ்லிம் ஊர்களுக்கு நடுவே, கடலை ஒட்டியிருக்கும் காரைதீவில், கடல்தீர்த்தம் எடுத்துவந்து கல்யாணக்கால் நட்டுச் சடங்கைத் தொடங்குவார்கள். இவ்வகைக் கோயில்களில் பூசை செய்பவர் கப்புகனார். சிங்களவரின் பத்தினி கோயில்களில் இருக்கும் கப்புறாளையோடு சேர்த்துப் பார்த்தால், இரண்டு வழிபாடுகளுக்கும் உள்ள உறவு விளங்கும்.

வழக்குரை சிலப்பதிகாரத்தின் எளிய வடிவம் என்று எண்ணுவது பிழை. மதுரையின் வழக்கும் கொலையும் இதிலும் உண்டு. ஆனால் சிலம்புக்கு மணி தேடி மீகாமன் என்பவன் கப்பலோட்டுவதும், வெடியரசன் என்பவனோடு பொருதுவதும் இளங்கோவடிகள் அறியாத கதை. 'கடலோட்டு காதை' என்ற பெயரே பாடியவர்கள் எத்தகைய கரையில் வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லிவிடும்.

வழக்குரை எழுதப்பட்ட ஓலை ஏட்டை வாசிப்பது தனித் தொழில். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பதால் பழைய ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி இராது. குறில் எகர ஒகரங்களுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். சொற்களுக்கிடையே இடைவெளியும் கிடையாது. ஏட்டில் 'கொல' என்று கிடப்பது கொல், கோல், கோல என எதுவாகவும் இருக்கலாம். எது சரி என்பதைக் கண் தீர்மானிப்பதில்லை. கதையும் ஓசையும்தான் தீர்மானிக்கின்றன. முன்பே பாட்டைக் காதால் அறிந்தவருக்கே ஏடு வாய்திறக்கும். ஆகவே புதிதாகப் பழகுபவர் மூத்தவரின் பக்கத்தில் இருந்து கேட்டுத்தான் பழக வேண்டும்.

ஏடு சாகாத பொருளும் அல்ல. கடற்காற்றின் ஈரமும் பூச்சியும் ஓலையை அரித்துவிடும். சிதையுமுன் புதிய ஓலையில் படி எடுப்பதே பழைய காப்பு முறை. படி எடுத்தவரின் கை தவறிய இடமும் அப்படியே அடுத்த ஏட்டில் ஏறிவிடும். பதிப்பாசிரியருக்குத் தலைவலி அங்கேதான் தொடங்குகிறது.

இந்தத் தொடர்ச்சியை அச்சுக்குக் கொண்டுவந்தது ஊர்ச்சங்கம் ஒன்று. பண்டிதர் வி. சீ. கந்தையா பதிப்பித்த 'கண்ணகி வழக்குரை'யைக் காரைதீவு இந்து சமய விருத்திச் சங்கம் 1968இல் வெளியிட்டது. அதற்கு முன் 'மட்டக்களப்புத் தமிழகம்' என்ற நூலில் இப்பகுதியின் நாட்டார் மரபுகளைத் தொகுத்தவர் அவர். பல்கலைக்கழகமோ அரசுத் திணைக்களமோ செய்ய வேண்டிய வேலையை, சடங்கு நடத்தும் ஊரே முன்னின்று செய்தது. கிழக்கின் பதிப்பு வரலாற்றில் இதற்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

ஊருக்கு வேறொரு பெருமையும் உண்டு. சுவாமி விபுலாநந்தர் பிறந்த ஊர் இது. மயில்வாகனம் என்ற பெயரில் அவர் பிறந்த 1892ஆம் ஆண்டிலேயே சென்னையில் உ. வே. சாமிநாதையரின் சிலப்பதிகாரப் பதிப்பு வெளிவந்தது. தமிழகத்தின் ஏட்டுப்பெட்டிகளில் ஒதுங்கிக் கிடந்த கண்ணகி, காரைதீவில் ஆண்டுதோறும் குளிர்த்தி கண்டுகொண்டிருந்தாள். பின்னாளில் சிலம்பின் அரங்கேற்று காதையைத் துருவி 1947இல் 'யாழ் நூல்' தந்தவர் கண்ணகி கோயில் உள்ள இந்த ஊரில் வளர்ந்தவர் என்பதைத் தற்செயல் என்று தள்ளிவிடத் தோன்றவில்லை.

வழக்குரையின் எழுத்தை அச்சு காத்தது. ஆனால் எந்தக் காதையை எந்த ஓசையில் எடுப்பது, எங்கே நிறுத்துவது என்பனவற்றைப் புத்தகம் சொல்லாது. பாடுவோருடைய குரலில்தான் அவை இருக்கின்றன. 2004 டிசம்பர் 26இல் சுனாமி இக்கரையை அடித்தபோது, வீடுகளோடு போன ஏடுகள் எத்தனை என்று தெரியவில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சுவடிகளையும் மின்வடிவாக்கி வருகிறது. வீட்டுப் பெட்டியில் பழைய ஏடு வைத்திருப்பவர்கள், ஓலையை வலிந்து பிரிக்காமல், சுவடி அறிந்த ஒருவரிடம் முதலில் காட்ட வேண்டும். பாடத் தெரிந்த மூத்தவர் வீட்டில் இருந்தால், வரும் வைகாசிக்கு முன்பே அவர் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.